அம்மாவின் இரண்டு கையும் பட்ட விறகு

நடந்தவை இந்த வரிசையில்:

1. 2005 ஐப்பசியில் அப்பா இறந்தார். அப்போது நான் சிதம்பரத்தில் எலக்ட்ரிகல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.
2. காரியம் முடிந்த மறுநாள், அடுத்த வீட்டிலிருக்கும் பெரியப்பா எங்கள் கோடாலியையும் சம்மட்டியையும் இரண்டு இரும்பு ஆப்புகளையும் எடுத்துக்கொண்டு போனார்.
3. 2008 ஆவணியில் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். அம்மா தலையில் சுமந்துபோன விறகுச் சுமை கல்யாண அடுப்பில் ஏறவில்லை.
4. 2011 ஆடியில், மின்சாரத்தில் ஓடும் விறகு பிளக்கும் மெஷின் ஒன்றை வாங்கினேன்.
5. அந்த ஆண்டின் கடைசியில் புயல் அடித்தது.
6. 2012 மாசியில் பெரியப்பாவின் இளைய மகளுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு மாதம் முன்பு அவர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

எங்கள் ஊர் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் முந்திரி. எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும்.

எங்கள் வகையறாவில் தம்பி பெண்டாட்டியிடம் அண்ணன் நேராகப் பேசமாட்டார். அதை மரியாதை என்பார்கள். கோடாலியை எடுக்க வந்த அன்று அம்மா நடையில்தான் நின்றிருந்தாள். நான்கடி தள்ளி நின்றுகொண்டு பெரியப்பா என்னைப் பார்த்துப் பேசினார்.

"பொம்பளைங்க மட்டும் இருக்குற வூட்ல கோடாலி எதுக்கு? கால்ல போட்டுக்குவாங்க. எங்கூட்ல இருக்கட்டும். கட்டை பொளக்கணும்னா சொல்லி அனுப்பச் சொல்லு, ஆள அனுப்புறேன்."

அம்மா என்னிடம் சொன்னாள், "சரின்னு சொல்லு."

அதன்பிறகு விறகு பிளக்க ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. ஆள் அன்றைக்கே வந்ததில்லை. சில சமயம் பத்து நாள் ஆகும். அதுவரை அம்மா தென்னமட்டையும் சுள்ளியும் வைத்து உலை கொதிக்கவைப்பாள். ஒருமுறை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. "போன மாசந்தானே பொளந்து குடுத்தேன்? தினம் விருந்து வைக்கிறாங்களா அங்க?" பெரியம்மா சிரித்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

வரிசையில் மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

எங்களில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பங்காளி வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு சுமை விறகு கொண்டுவர வேண்டும். தரையில் நீளமாக வெட்டிய கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் அதை இறக்கிவைப்பார்கள். எந்த வீட்டுச் சுமை பெரிது, எது கோணல்மாணல் என்று பெண்கள் அங்கேயே பேசிச் சிரிப்பார்கள். 2008இல் அம்மா தெருக்கோடி வீட்டில் கோடாலி இரவல் வாங்கி மூன்று நாள் பிளந்தாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, துணியைச் சுற்றிக்கொண்டு பிளந்தாள். நேரான துண்டுகளாகப் பார்த்து எடுத்தாள். பட்டை உரித்தாள். நான் அப்போது கடலூரில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. லீவு போட்டு வந்திருந்தேன், அவளுக்குப் பின்னாலேயே நடந்துபோனேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார்.

"அந்தச் சுமைய அடுப்பாண்ட எறக்க வேணாம்னு சொல்லு. கொல்லைப் பக்கம் போடட்டும். பாத்திரம் கழுவுறவங்களுக்கு வெந்நி வைக்க ஆவும்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தாலி இழந்தவளின் கை பிளந்த விறகு. அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும். தலையில் சுமையோடு பந்தலுக்குள் திரும்புவது சுலபமில்லை. சுமையின் முனை மூங்கில் காலில் இடித்துப் பந்தலே ஒருமுறை ஆடியது. அம்மா கொல்லைக்குப் போனாள், இறக்கிவைத்தாள், திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து, "சாப்பாடு நல்லாருந்துச்சி" என்றாள்.

வேலையில் எனக்கு ஒரு நோட்டு உண்டு. பழுது, காரணம், நடவடிக்கை, நிலை என்று நான்கு கட்டம். அன்றிரவு என் சொந்த டைரியில் அதே கட்டங்களைப் போட்டேன். பழுது: அம்மாவின் சுமை கொல்லைக்குப் போனது. காரணத்தில் பெரியப்பா என்று எழுதினேன். நடவடிக்கை காலி. நிலை: முடியவில்லை.

பெரியப்பா வீட்டில் இன்னொரு மகள் இருந்தாள். அவளுக்கும் ஒரு நாள் கல்யாணம் வரும், அடுப்பு வெட்டுவார்கள். எனக்கு அவசரமில்லை.

2011இல் மெஷின் தேட ஆரம்பித்தபோது என் மேற்பார்வையாளர் கேட்டார், "ஏம்மா, இன்னொரு சிலிண்டர் வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சிது. விறகு பொளக்க மெஷினா?" நியாயமான கேள்வி. எங்களிடம் ஏற்கெனவே கேஸ் இருந்தது. அம்மா அதில் டீ போடுவாள், மழைநாளில் சமைப்பாள். சோறும் வெந்நீரும் விறகில்தான். ஆனால் என் காரணம் சோறும் இல்லை, வெந்நீரும் இல்லை. அதனால் "அம்மாவுக்கு விறகுதான் பழக்கம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

தேவைகள் என்று ஒரு தாளில் எழுதினேன். அம்மா தனியாக இயக்க முடிய வேண்டும். புடவை மாட்டக் கூடாது. வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓட வேண்டும். பெரியப்பா வீட்டுக்குச் சத்தம் கேட்க வேண்டும். நான்காவதை எழுதிவிட்டு அடித்தேன். பிறகு மறுபடியும் எழுதினேன்.

முதலில் கடலூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மோட்டார் தண்டின் முனையில் கூம்பு வடிவத் திருகு ஒன்றை மாட்டியிருந்தார்கள். கட்டையை அதில் காட்டினால் திருகு உள்ளே ஏறிப் பிளந்துவிடும். பட்டறைக்காரர் ஒரு கட்டையைப் பிளந்து காட்டினார்.

"ரெண்டே செகண்டு. பாத்தீங்களா?"

"முந்தானை மாட்டினா?"

"நல்லா இழுத்து சொருவிக்கினு நிக்கணும்."

"மாட்டினா மோட்டார் நிக்குமா?"

"அது எப்டிங்க நிக்கும்?"

அந்த மெஷினைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். டீசலில் ஓடுகிற பெரியது ஒன்று வடலூர்ப் பக்கம் இருந்தது. கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும், அம்மாவால் ஆகாது. மூன்றாவது, புதுச்சேரிப் பக்கம் விறகு அடுப்பில் ரொட்டி சுட்டு விற்றுவந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் இருந்தது. அவர் ஊருக்குத் திரும்புவதால் சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீளமான இரும்புப் படுக்கை. ஒரு முனையில் அசையாத ஆப்பு. மறுமுனையிலிருந்து ஹைட்ராலிக் தண்டு மெதுவாக வந்து கட்டையை ஆப்பின்மேல் தள்ளும். இரண்டு சக்கரம் இருந்தது, இழுத்துக்கொண்டு போகலாம். முழங்கை நீளக் கட்டை வரை தாங்கும்.

நான் அதை எடுத்ததற்குக் காரணம் வேறு. அது ஓட இரண்டு கையும் வேண்டும். ஒரு கை சுவிட்சை அழுத்தியபடி இருக்க, மற்றொரு கை லிவரைப் பிடித்திருக்க வேண்டும். எதை விட்டாலும் தண்டு நின்றுவிடும். இயக்குகிறவர் கை ஆப்புக்குப் பக்கத்தில் போகவே முடியாது. விற்றவர் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்: ஓட்டுவதற்கு முன் எண்ணெய்த் தொட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்த வேண்டும், முடிந்ததும் இறுக்க வேண்டும். மறந்தால் உள்ளே சீல் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் மெஷின்மேல் வெள்ளை பெயின்ட்டில் 'முதலில் காற்று' என்று எழுதினேன்.

முதல் நாள் நான் செய்த தவறை மறைக்க விரும்பவில்லை. டிப்ளமோ படித்த நான், மெஷின் வந்த சந்தோஷத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஜன்னல் வழியாக ஒரு மெல்லிய ஒயரை இழுத்து மாட்டினேன். ஊரே விளக்கும் டிவியும் போட்டிருக்கிற நேரம். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. தெருவில் பத்துப் பேர் நின்றார்கள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பா கேட்டார்.

"ஏம் பாப்பா, மெஷினு பாட்டு பாடுதா? கட்டைய பொளக்கச் சொல்லு, கேப்போம்."

மீட்டர் வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் பாதாளத்தில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டர் பெட்டியிலிருந்து தடிமனான செம்பு ஒயரை நேராக இழுத்தேன். கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தேன். காலை பத்து மணிக்கு ஓட்டினேன். வேப்பங்கட்டை ஒன்று முனகிக்கொண்டே போய் 'டப்' என்று இரண்டாக விழுந்தது.

அம்மா லிவரைப் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டு கையும் இதுக்கே குடுத்துட்டா கட்டைய யாரு புடிக்கிறது?"

"யாரும் புடிக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் இப்டி செஞ்சிருக்கான்."

"அப்ப நான் சும்மா நிக்கிறேன், அது வேலை செய்யுது." அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அன்றைக்கு ஆறு கட்டை பிளந்தாள். அதன்பிறகு பெரியப்பா வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது நின்றது. 'குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு' என்று அவர் டீக்கடையில் என்னைப் பற்றிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதையும் டைரியில் எழுதினேன்.

புயலைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. நான் விறகைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விடிந்து பார்த்தபோது முந்திரித் தோப்புகள் வேரோடு படுத்திருந்தன. மின்கம்பங்களும் படுத்திருந்தன. பல வாரம் கரண்ட் இல்லை. என் மெஷின் தார்ப்பாயின்கீழ் சும்மா கிடந்தது. மெஷின் ரம்பக்காரர்கள் வெளியூரிலிருந்து வந்து மரங்களை உருளைகளாக அறுத்துத் தள்ளினார்கள். பெரியப்பாவும் தன் தோப்பு மரங்களை அறுத்து, பட்டையோடு வீட்டுப் பக்கத்தில் அடுக்கிவைத்தார். மாசிக் கல்யாணத்துக்கு விறகு ஆயிற்று என்று எல்லோரிடமும் சொன்னார். அங்கேதான் தப்புச் செய்தார். பட்டையோடு கிடக்கும் உருளை காயாது. பிளந்து போட்டால்தான் உள்ளே காற்றுப் படும். எனக்கு அது முதல் நாளே தெரியும். சொல்லவில்லை.

தை நடுவில் சமையல்காரர் அளவு பேச வந்தார். ஓர் உருளையை உதைத்துப் பார்த்தார். அவர்கள் பேசியது மதிலுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, இத அடுப்புல வச்சா அழுவும்ணே. எரியாது. இப்பவே பொளந்து காயப் போட்டாத்தான் ஆச்சு. இல்ல, கேஸ் வச்சிக்கலாமா?"

"எங்கூட்டுக் கல்யாணத்துல கேஸ் சோறா? எங்கப்பா காலத்துலேந்து கோட்டை அடுப்புதான்யா."

"அப்ப ஆள வைங்க."

ஆள் எங்கே? கோடாலி பிடிக்கத் தெரிந்த எல்லோரையும் மர வியாபாரிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். புவனகிரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முந்திரியின் முறுக்கையும் முடிச்சையும் பார்த்துவிட்டு அரைநாளில் போய்விட்டார்கள். அதற்கடுத்த நாள் பெரியப்பாவே கோடாலியை எடுத்தார். அப்பாவின் கோடாலி. அதன் சத்தம் எனக்குத் தெரியும். நான்கைந்து வெட்டுக்குப் பிறகு வேறொரு சத்தம் கேட்டது. காம்பு முறிந்துவிட்டது. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. அதற்கு நாகரிகமான வேறு சொல் எதையும் தேடப் போவதில்லை.

அதே வாரம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. அம்மா மெஷினை ஓட்டினாள். 'டப்.' மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். மதில் வழியாக அல்ல, வாசல் வழியாக.

"பாப்பா, உங்கம்மா இருக்காங்களா?"

"உங்க எதிர்லதான் நிக்கிறாங்க பெரிப்பா."

"கட்டை கொஞ்சம் கெடக்குது. மெஷின ரெண்டு நாளைக்கி அனுப்பினீங்கன்னா..."

"மெஷின் வராது. ஒயரு எங்கூட்லதான் இருக்கு. கட்டைதான் வரணும்."

"சரி, வண்டியில எறக்கிடறேன். ஓட்டுறதுக்கு எங்க மாப்ளப் பையன் ஒருத்தன்..."

"ஓட்டுறது அம்மாதான்."

நான் உள்ளே போய், அவர் என்றைக்காவது கேட்டு வருவார் என்று நிபந்தனைகள் எழுதிவைத்திருந்த தாளை எடுத்துவந்தேன். எழுதிவைத்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, சில வரிகள் மட்டும் புதிது. படித்தேன்.

"ஒண்ணு, இத என்னாண்ட கேக்கக் கூடாது. அம்மாவாண்ட கேக்கணும், நேரா. ரெண்டு, ஒவ்வொரு கட்டையும் அம்மாதான் பொளப்பாங்க. இந்த மெஷினுக்கு ரெண்டு கையும் வேணும், தெரிஞ்சிக்கோங்க. மூணு, பொளந்தது எல்லாம் கோட்டை அடுப்புக்குத்தான். வெந்நிக்குன்னு ஒண்ணும் ஒதுக்கக் கூடாது. நாலு, கல்யாணத்தன்னிக்கி அடுப்ப அம்மாதான்..."

"நாலாவது வேணாம்" என்றாள் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அடுப்பப் பத்த வைக்கிற ஆசையெல்லாம் எனக்குக் கெடையாது. மத்தத உங்க பெரிப்பாவக் கேளு."

பெரியப்பா துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா... கட்டைய கொஞ்சம் பொளந்து குடும்மா."

"குடுக்கறேன் மாமா" என்றாள் அம்மா. "பங்காளி வூட்டு சுமை ஒண்ணும் வரணும்ல? அதையும் கட்டி வைக்கிறேன். எனக்கு இப்பல்லாம் கழுத்து வலி, தூக்க முடியல. அன்னிக்கி நீங்களே வந்து தூக்கிக்கினு போயிடுங்க."

இதை அவள் எப்போது யோசித்துவைத்தாள் என்று எனக்குத் தெரியாது. என் தாளில் அது இல்லை. அவளுக்குக் கழுத்து வலியும் இல்லை.

பெரியப்பா மதிலுக்கு அந்தப் பக்கம் கிடந்த கட்டைகளைப் பார்த்தார். சின்ன மகளின் கல்யாணம், பச்சை விறகு, ஊரெல்லாம் சொல்லிவைத்த கோட்டை அடுப்பு. அவருக்கு வேறு வழி இருந்தது, கேஸ். ஆனால் அவர் வாயாலேயே அதை மூடிவைத்திருந்தார். "சரிம்மா" என்றார்.

கட்டைகள் மூன்று வண்டியில் எங்கள் வாசலில் இறங்கின. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாத மாதங்கள் அவை. அம்மா கூடத்து ஃபேனைப் போட்டபடியே விட்டுவிடுவாள். அது சுற்ற ஆரம்பித்ததும் அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு, காற்றுத் திருகைத் தளர்த்தி, இரண்டு கையையும் வைப்பாள். முந்திரி கோணலாகப் பிளக்கும். நார் ஒட்டிக்கொண்டால் தண்டைப் பின்னால் விட்டு, கட்டையைத் திருப்பிவைத்து மறுபடி தள்ளுவாள். நான் வேலையிலிருந்து வரும்போது வாசல் முழுக்கப் புதிதாகப் பிளந்த விறகு காய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு 'டப்'பும் மதிலைத் தாண்டிப் போயிருக்கும்.

நடுவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நாலைந்து ஈரக் கட்டையை அடியில் செருகிவிட்டால் கல்யாணத்தன்று பந்தல் முழுக்கப் புகை. அம்மாவிடம் சொன்னேன்.

"அறிவிருக்கா உனக்கு? பொகஞ்சா என்னா சொல்வாங்க? அவ பொளந்த கட்டை, அதான் இப்டின்னுவாங்க. நல்லா எரியணும்டி. கொழுந்துவுட்டு எரியணும்."

பழிவாங்குவதில் அவள் என்னைவிடத் தேர்ந்தவள் என்று அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. அம்மா சுமையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வாசலில் நிறுத்தியிருந்தாள். 2008இல் கட்டியதைப் போலவே, நேரான துண்டுகள், பட்டை உரித்தவை. கூட வந்த ஒருவர், "குடுங்கண்ணே, நான் தூக்கறேன்" என்றார்.

"பங்காளி வூட்டு சுமைய பங்காளிதான் தூக்கணும்" என்றேன் நான். அப்படி ஒரு முறை கிடையாது. அவருக்கும் தெரியும்.

பெரியப்பா துண்டைச் சுற்றிச் சும்மாடு வைத்தார். அந்த ஆள் தூக்கிவிட, சுமை தலையில் ஏறியது. எங்கள் வாசலிலிருந்து தெரு வழியாக அவர் வாசலுக்கு இருபது அடி இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் நன்றாக இருந்தது. பந்தல் நுழைவில் சுமையின் முனை மூங்கிலில் இடித்தது. அவர் குனிந்து உள்ளே போனார். கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கினார்.

சமையல்காரருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பெரியம்மா கற்பூரம் ஏற்றி அடுப்பைப் பற்றவைத்ததும், சமையல்காரர் தன் கைக்குக் கிட்டே இருந்த சுமையிலிருந்துதான் முதல் துண்டுகளை உருவி உள்ளே தள்ளினார். "அருமையா காஞ்சிருக்கு. யாரு பொளந்தது?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லாததால் நான் சொன்னேன். "எங்கம்மா."

அந்தத் துண்டுகள் முழுசாகப் பற்றிக்கொள்ளும் வரை அங்கேயே நின்றேன். அம்மா கல்யாணத்துக்கு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து, "சாம்பார்ல உப்பு கம்மி" என்றாள்.

இப்போது நிலை இது. கோடாலி கல்யாணம் முடிந்த வாரம் திரும்பி வந்தது, காம்பில்லாமல். சம்மட்டியும் ஆப்பும் வரவில்லை. மெஷினுக்கு எண்ணெய் மாற்றிவிட்டேன், கொட்டகையில் இருக்கிறது. பெரியப்பா அம்மாவிடம் நேராகப் பேசுகிறார், அம்மா பதில் சொல்கிறாள். நான் அவரிடம் பேசுவதில்லை. டைரியில் அந்தப் பழுதுக்கு எதிரே நடவடிக்கையை எழுதிவிட்டேன். நிலை என்ற கட்டத்தில் முடிந்தது என்று இன்னும் எழுதவில்லை.